தண்டனை நிர்ணயம் கற்பிக்கும் சிமுலேஷன்: மாணவர்கள் எண்ணை மட்டும் ஊகிக்கிறார்கள், எங்கே தவறு?

வரைவுத்தாள் (கேள்வி)

சட்ட மாணவர்களுக்காகத் தண்டனை நிர்ணயம் பற்றி ஒரு சிமுலேஷன் தயாராகிறது. வகுப்பில் 40 பேர், நேரம் 90 நிமிடம், எல்லோரிடமும் மடிக்கணினி அல்லது போன் இருக்கும். இப்போதைய வடிவம்:

ஒரே வழக்கு, வீட்டுக்குள் புகுந்து திருட்டு. குற்றம் நிரூபணமாகிவிட்டது, தண்டனை மட்டும் பாக்கி. முதல் திரையில் வழக்குச் சுருக்கம். இரண்டாவதில் குற்றவாளியின் பின்னணி. மூன்றாவதில் 0 முதல் 84 மாதம் வரை நகரும் ஸ்லைடர். கடைசியில் "நீதிபதி விதித்தது 18 மாதம்" என்று காட்டி, எவ்வளவு நெருங்கினார்களோ அதற்கேற்ப மதிப்பெண்.

மதிப்பெண் இருப்பதால் எல்லோரும் அந்த 18-ஐத்தான் துரத்துகிறார்கள். ஏன் இந்த எண் என்று கேட்டால் "சரின்னு பட்டுது" என்பதற்கு மேல் பதில் வருவதில்லை. இரண்டாம் முறை ஆடுகிறவருக்கோ விடை முன்பே தெரியும்.

மதிப்பெண்ணை எடுத்தால் அந்த இடத்தில் என்ன வைப்பது? எந்த நாட்டுச் சட்ட முறையை அடிப்படையாக வைத்தால் கற்பிக்க வசதி? இதைக் கட்ட ட்வைன் (கிளைக்கதை எழுதும் கருவி), எச்5பி (ஊடாடும் பாடம் தயாரிக்கும் கருவி), கூகுள் ஃபார்ம்ஸ் மூன்றில் எது? மாணவர்கள் ஏதாவது கற்றார்களா என்று எப்படி அளப்பது?

---

தராசுமுள்

மதிப்பெண்ணை முதலில் தூக்கிவிடுங்கள். தண்டனையில் சரியான விடை என்று ஓர் எண் கிடையாது. ஏற்கத்தக்க ஒரு வரம்பு உண்டு, அதற்குள் ஏன் இந்த இடத்தில் நின்றோம் என்ற காரணம் உண்டு, அவ்வளவுதான். மேல்முறையீட்டு நீதிமன்றமே பொதுவாக "நானாக இருந்தால் 3 மாதம் குறைத்திருப்பேன்" என்று தலையிடுவதில்லை. பொருந்தாத ஒன்றைக் கணக்கில் எடுத்தாரா, எடுக்க வேண்டியதை விட்டாரா, மொத்தத்தில் அளவு மிஞ்சிவிட்டதா என்றுதான் பார்க்கிறது. உங்கள் கடைசித் திரை பார்க்க வேண்டியதும் இந்த மூன்றைத்தான்.

சட்ட முறைக்கு வருவோம். கற்பித்தலுக்குப் பயன்படும் மாதிரிகள் மூன்று, மூன்றும் மூன்று விதமான சிமுலேஷனைத் தரும்.

அமெரிக்கக் கூட்டாட்சி முறை ஓர் அட்டவணை. செங்குத்தாக 43 குற்ற நிலைகள், கிடையாக முன்குற்ற வரலாற்றுக்கு 6 பிரிவுகள், ஆக 258 கட்டங்கள். நிலை 20, பிரிவு 1 என்றால் 33 முதல் 41 மாதம். அதே நிலை 20-இல் பிரிவு 6 என்றால் 70 முதல் 87. பொறுப்பை ஏற்றுக்கொண்டதற்காக 3 நிலை இறங்கி 17-க்கு வந்தால், பிரிவு 1-க்கு 24 முதல் 30. 2005-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் புக்கர் வழக்குத் தீர்ப்புக்குப் பிறகு இந்த அட்டவணை நீதிபதியைக் கட்டுப்படுத்துவதில்லை, வழிகாட்டுகிறது. நிரலாக்க இதைப் போல எளிது வேறில்லை. ஆனால் மாணவர் கட்டம் தேடப் பழகுவாரே தவிர, தீர்மானிக்கப் பழகமாட்டார்.

இங்கிலாந்து–வேல்ஸ் முறை படிக்கட்டு. பழியின் அளவு (குற்றவாளியின் பொறுப்பு) எவ்வளவு, தீங்கின் அளவு எவ்வளவு என்று முதலில் வகைப்படுத்த வேண்டும். அந்த வகைக்கு ஒரு தொடக்கப் புள்ளியும் ஒரு வரம்பும் கொடுக்கப்பட்டிருக்கும். பிறகு கடுமையாக்கும் காரணிகள், தணிக்கும் காரணிகளால் மேலே கீழே நகர வேண்டும். பிறகு குற்றத்தை ஒப்புக்கொண்டதற்கான குறைப்பு: முதல் வாய்ப்பிலேயே ஒப்புக்கொண்டால் அதிகபட்சம் மூன்றில் ஒரு பங்கு, விசாரணை தொடங்கும் நாளில் ஒப்புக்கொண்டால் பத்தில் ஒரு பங்கு. பல குற்றங்கள் இருந்தால் மொத்தத் தண்டனை பொருத்தமா என்று கடைசியாக ஒரு பார்வை.

இந்திய முறையில் அட்டவணையும் இல்லை, படிக்கட்டும் இல்லை. பாரதிய நியாய சன்ஹிதா (குற்றங்களையும் தண்டனைகளையும் சொல்லும் சட்டம்) 305-ஆவது பிரிவு வீட்டுக்குள் நடந்த திருட்டுக்கு 7 ஆண்டு வரை என்கிறது. உங்கள் 84 மாதம் அங்கிருந்து வந்திருக்கலாம். அப்படியானால் ஒரு பிழை இருக்கிறது: எந்த நீதிமன்றம் என்று மாணவருக்குச் சொல்லவில்லை. முதல் வகுப்புக் குற்றவியல் நடுவரால் 3 ஆண்டுக்கு மேல் விதிக்க முடியாது. தலைமைக் குற்றவியல் நடுவரால் 7 ஆண்டு வரை முடியும். நடுவர் இருக்கையில் உட்காரவைத்துவிட்டு 84 வரை ஸ்லைடர் கொடுத்தால், இல்லாத அதிகாரத்தைக் கொடுத்ததாக ஆகும்.

என் பரிந்துரை: அதே வழக்கை இரண்டு சுற்றாக ஆட விடுங்கள். முதல் சுற்றில் சட்டத்தின் உச்ச வரம்பு மட்டும். இரண்டாவதில் படிக்கட்டு. இரண்டிலும் 40 பேரின் எண்கள் எவ்வளவு சிதறுகின்றன என்று அருகருகே காட்டினால், வழிகாட்டு நெறி எதற்கு, அது எதை விலையாகக் கேட்கிறது என்ற விவாதம் தானாகப் பிறக்கும்.

வழக்குத் தாளை ஒரே மூச்சில் கொடுக்காதீர்கள். ஐந்தாகப் பிரியுங்கள்: நிரூபணமான செய்திகள், முன்தண்டனைகள், பாதிக்கப்பட்டவரின் அறிக்கை, நன்னடத்தை அலுவலரின் அறிக்கை, இரு தரப்பு வாதம். ஒவ்வொன்றும் 200 முதல் 250 சொல். முதல் தாளுக்குப் பிறகு ஒரு தற்காலிகத் தண்டனையும் ஐந்தாம் தாளுக்குப் பிறகு இறுதித் தண்டனையும் எழுத வேண்டும். முதலில் எழுதியதை மாற்ற முடியாது. எந்தத் தாள் அவரை நகர்த்தியது என்பது இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் தெரியும்.

தாளுக்குள் சில பொறிகளை வையுங்கள். பாடம் இருப்பது அங்கேதான்.

குற்றத்தை மறுத்து முழு விசாரணை கேட்டவர் ஒருவர். மாணவர்களில் பலர் இதைக் கடுமையாக்கும் காரணியாகக் குறிப்பார்கள். அது தவறு. மறுத்தவருக்கு ஒப்புக்கொண்டவரின் சலுகை கிடைக்காது, ஆனால் மறுத்ததற்காகக் கூடுதல் தண்டனை இல்லை. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். கணக்கில் வேறுவேறு இடத்தில் வரும்.

போதைப் பழக்கம். ஒரே செய்தியைப் பாதி வகுப்பு தணிப்பாகவும் பாதி வகுப்பு மறுபடி குற்றம் செய்யும் அபாயமாகவும் படிக்கும். இரண்டுக்கும் வாதம் உண்டு. இங்கே சிமுலேஷன் தீர்ப்பு சொல்லக்கூடாது, காரணத்தை மட்டும் கேட்க வேண்டும்.

விடுவிக்கப்பட்ட குற்றச்சாட்டு. முதல் தாளில் மூன்று குற்றச்சாட்டு, அதில் ஒன்றில் விடுதலை என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு நகருங்கள். இறுதிக் காரணத்தில் அந்த மூன்றாவது எத்தனை பேரிடம் திரும்பி வருகிறது என்று பாருங்கள். பொருந்தாத ஒன்றைக் கணக்கில் எடுப்பது என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

இரட்டைக் கணக்கு. வீட்டில் ஆள் இருந்தபோது நுழைந்தார் என்பதை வைத்துத் தீங்கைப் பெரிய வகையில் போடுவார்கள். பிறகு அதையே கடுமையாக்கும் காரணியாக மறுபடி எடுத்து மாதம் கூட்டுவார்கள். தேர்ந்தவர்களுக்கும் கை தவறும் இடம் இது. ஒருமுறை பயன்படுத்திய காரணியை அடுத்த திரையில் மங்கலாக்கிவிட வேண்டும் என்று தோன்றும். வேண்டாம். தவறு செய்ய விட்டு, முடிவில் சுட்டிக்காட்டுங்கள். தடுத்துவிட்டால் மென்பொருள் கற்றுக்கொள்ளும், மாணவர் கற்றுக்கொள்ளமாட்டார்.

தண்டனையின் நோக்கத்தையும் கேளுங்கள். இங்கிலாந்தின் 2020 தண்டனைச் சட்டம் ஐந்து நோக்கங்களைச் சொல்கிறது: தண்டித்தல், குற்றத்தைக் குறைத்தல், சீர்திருத்துதல், பொதுமக்களைக் காத்தல், ஈடுசெய்தல். ஐந்தையும் டிக் செய்யும் வசதி இருந்தால் எல்லோரும் ஐந்தையும் டிக் செய்வார்கள். இரண்டுக்கு மேல் அனுமதிக்காதீர்கள். சீர்திருத்தம் என்று தேர்ந்தெடுத்துவிட்டு 60 மாதம் எழுதியவரிடம் கேட்கக் கேள்வி தயார்.

கொலை வழக்கை எடுக்கலாமா என்று யாராவது கேட்பார்கள். வேண்டாம். பல சட்ட முறைகளில் அங்கே தீர்மானிக்க இடமே குறைவு. சிறையா வெளியிலா என்ற கேள்வியே உயிரோடு இருக்கும் நடுத்தரக் குற்றம்தான் கற்பிக்க ஏற்றது. உங்கள் திருட்டு வழக்கு நல்ல தேர்வு.

---

கிளைப்பாதை

சட்டம் மேலே வந்துவிட்டது, கருவிக்கு வருகிறேன்.

முதலில் அந்த ஸ்லைடரை எடுங்க. ஸ்லைடர் எங்கே நிற்குதோ அதுவே ஓர் ஆலோசனை. நடுவில் நின்றால் 42 மாதம்னு காதில் ஓதுது, இடது ஓரத்தில் நின்றால் 0-னு ஓதுது. காலியான எண் பெட்டி வையுங்க, உள்ளே மங்கலான மாதிரி எண்கூட வேண்டாம். உச்ச வரம்பைச் சொல்லித்தான் ஆகணும், அது சட்டம். அதை முதல் தாளிலேயே எழுத்தில் சொல்லுங்க, எண் கேட்கும் திரையில் திரும்பக் காட்டாதீங்க.

பெட்டிக்கு முன்னால் இன்னொரு கேள்வி: சிறையா, வெளியிலா? வெளியில் என்றால் நன்னடத்தைக் கண்காணிப்பு, சமூக சேவை, அபராதம், எச்சரிக்கை என்று பட்டியல். சிறை என்றால்தான் எண் பெட்டி திறக்கணும். இதை விட்டால் மாதம் கேட்கும் பெட்டியைப் பார்த்ததும் எல்லோரும் சிறைக்கே போயிடுவாங்க, வேறு வழி இருக்கறதே ஞாபகம் வராது.

அலகு. ஒருத்தர் 2 என்று போடுவார், மனசில் 2 ஆண்டு. இன்னொருத்தர் 24 என்று போடுவார். பெட்டி பக்கத்திலேயே "மாதம்" என்று எழுதி, அடுத்த திரையில் "24 மாதம், அதாவது 2 ஆண்டு. உறுதியா?" என்று திருப்பிக் காட்டுங்க. இந்த ஒரு திரை இல்லாவிட்டால் தரவில் பாதி குப்பை.

இப்போ மூன்று கருவிகள்.

கூகுள் ஃபார்ம்ஸ்: ஒரே நாளில் தயாராகும், பதில்கள் நேரமுத்திரையோட விரிதாளில் விழும். பதிலைப் பொறுத்து வேறு பகுதிக்கு அனுப்பவும் முடியும். ஆனால் பின்னே போகும் பொத்தானை எடுக்க முடியாது. ஐந்தாம் தாளைப் படிச்சுட்டுத் திரும்பிப் போய் முதல் எண்ணை மாத்திடுவாங்க. அதனால் ஒரே படிவமாக வைக்காதீங்க, இரண்டு படிவம் வையுங்க. முதலாவதைச் சமர்ப்பிச்ச பிறகு வரும் உறுதிச் செய்தியில் இரண்டாவதன் இணைப்பு. இரண்டிலும் ஒரே குறியீட்டு எண் கேட்டு ஜோடி சேர்த்துக்கலாம். குறியீட்டை நீங்களே சீட்டில் எழுதிக் கொடுங்க, அவங்களைத் தேர்ந்தெடுக்க விட்டால் ஐந்து பேர் 1234 போடுவாங்க.

எச்5பி கிளைக் காட்சி: பார்க்க அழகு, மூடுல் என்ற பாடத் தளத்தில் நேராக உட்காரும். ஆனால் ஒரு கிளையில் தேர்ந்தெடுத்ததை மாறியாக நினைவில் வைத்து இன்னொரு கிளையில் பயன்படுத்த அதில் வழியில்லை. இரட்டைக் கணக்கைச் சுட்டிக்காட்டணும்னா அந்த நினைவு வேண்டும். இதுக்கு அது சரிப்படாது.

ட்வைன், அதன் சுகர்கியூப் என்ற கதை வடிவத்தோட: என் தேர்வு இதுதான். மாறிகள் உண்டு, தற்செயலாகப் பதிப்பு ஒதுக்கலாம், பின்னே போகும் அம்பை அமைப்பில் நிறுத்தலாம், நினைவில் வைக்கும் நிலைகளை ஒன்றாகக் குறைக்கலாம். முடிவில் ஒரே எச்டிஎம்எல் கோப்பு, இணையம் இல்லாமலும் ஓடும். குறை இரண்டு. ஒன்று, பதில்களை அதுவாக எங்கேயும் அனுப்பாது. கடைசித் திரையில் எல்லா மாறிகளையும் காற்புள்ளி போட்ட ஒற்றை வரியாகக் காட்டி, அதை நகலெடுத்துப் படிவத்தில் ஒட்டச் சொல்லுங்க. விரிதாளில் அந்த வரியைக் காற்புள்ளியில் பிரிச்சுக்கலாம். இரண்டு, உலாவியில் எழுதும் பதிப்பு உங்க வேலையை அந்த உலாவியிலேயே சேமிக்குது. உலாவித் தரவை அழிச்சால் கதையும் போயிடும். தினமும் காப்பகக் கோப்பை இறக்கி வையுங்க.

காரணியை நிரலில் எப்படி வைக்கறதுன்னா: ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், இரண்டு இடம். முதல் இடம் "வகைப்படுத்தலில் எடுத்தாரா", இரண்டாவது "நகர்த்தலில் எடுத்தாரா". இரண்டும் ஆம் என்றால் இரட்டைக் கணக்கு. விடுவிக்கப்பட்ட குற்றச்சாட்டுக்கும் ஓர் எண் கொடுத்து எங்கே வந்தாலும் பிடிக்கலாம். 12 முதல் 15 காரணி போதும். 30 வைத்தால் படிக்காமல் டிக் பண்ணிட்டே போவாங்க.

போனில் நீளமாகத் தட்டச்ச வைக்காதீங்க. காரணம் 60 சொல்லுக்குள். முடிந்தால் காகிதத்தில் எழுதச் சொல்லுங்க, கலந்துரையாடலின்போது கையில் இருக்கும்.

---

நடுவெண்

மேலே இருவரும் சொன்னதில் பெரும்பாலானது சரி. ஒரு சந்தேகத்துக்கு மட்டும் இடம் வைத்துப் போகிறார்கள்: நீதிபதி விதித்த உண்மைத் தண்டனையைக் காட்டலாமா, கூடாதா? மதிப்பெண்ணோடு சேர்த்து அதையும் தூக்கிவிடச் சொல்கிறார்கள் என்று படித்தால் எனக்கு உடன்பாடில்லை. காட்டுங்கள். ஆனால் எண்ணாகக் காட்டாதீர்கள், தீர்ப்புரையாகக் காட்டுங்கள். மாணவர் தன் காரணத்தை எழுதி முடித்த பிறகு, நீதிபதி எந்தக் காரணியை எடுத்தார், எதை ஒதுக்கினார் என்ற இரண்டு பத்தியைக் கொடுத்து, தன்னுடையதோடு ஒப்பிட்டு இரண்டு வித்தியாசம் எழுதச் சொல்லுங்கள். எண் அந்தப் பத்தியின் கடைசி வரியில் வந்தால் போதும். கற்பனை வழக்கு என்றால் தீர்ப்புரையும் கற்பனை என்று சொல்லிவிடுங்கள். நீதிபதியின் குரல் என்ற மரியாதையில் அதையே சரியான விடையாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் மாணவர்களிடம் உண்டு.

முழுத் தகவல் ஏன் முக்கியம் என்பதற்கு வகுப்பில் சொல்ல ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் 138 விசாரணைகளில் உட்கார்ந்த ஜூரிகள் 698 பேரிடம், நீதிபதி தண்டனை சொல்வதற்கு முன்பே அவர்கள் என்ன விதிப்பார்கள் என்று கேட்டார்கள். 52 சதவீதம் பேர் நீதிபதி விதித்ததைவிட மென்மையான தண்டனையைச் சொன்னார்கள். வழக்கை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தவர்கள் இவர்கள். செய்தித் தலைப்பைப் படித்துவிட்டு "பத்தாது" என்பவர்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஐந்து தாள் வடிவம் வகுப்பறையில் காட்டுவது இதைத்தான்: முதல் தாளுக்குப் பின் ஓர் எண், ஐந்தாவதுக்குப் பின் வேறோர் எண்.

நங்கூர விளைவு, அதாவது முதலில் கண்ணில் படும் எண் நம் முடிவைத் தன் பக்கம் இழுப்பது. இதைச் சொல்லிக் கொடுக்காதீர்கள், மாணவர்கள் மீதே நடத்திக் காட்டுங்கள். 2006-இல் வெளியான ஜெர்மானிய ஆய்வில், சட்டத் துறையினரிடம் ஒரு கடைத் திருட்டு வழக்கைக் கொடுத்துப் பகடை உருட்டச் சொன்னார்கள். பகடை ஏமாற்றுப் பகடை, சிலருக்கு எப்போதும் கூட்டுத்தொகை 3, மற்றவருக்கு 9. பகடையில் வந்த எண் வழக்கோடு எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது அவர்களுக்கும் தெரியும். அப்படியும் 3 வந்தவர்களின் சராசரி 5.28 மாதம், 9 வந்தவர்களின் சராசரி 7.81 மாதம்.

உங்கள் வகுப்பில் இதைச் செய்ய ஐந்தாம் தாளில் ஒரே ஒரு எண்ணை மாற்றினால் போதும். ஒரு பதிப்பில் அரசு வழக்கறிஞர் 12 மாதம் கேட்கிறார், இன்னொன்றில் 36. மற்ற எல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒன்று. 20 பேருக்கு ஒன்று, 20 பேருக்கு மற்றது. ஃபார்ம்ஸில் தற்செயல் ஒதுக்கீடு கிடையாது, ஆகவே சீட்டுகளைக் கலைத்து இரண்டு இணைப்புகளைக் கொடுங்கள். முன் வரிசைக்கு ஒன்று, பின் வரிசைக்கு ஒன்று என்று கொடுக்காதீர்கள். முன்னால் உட்காருபவர்கள் வேறு மாதிரி ஆட்கள்.

ஓர் எச்சரிக்கை: குழுவுக்கு 20 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. சில முறை வித்தியாசம் தெளிவாக வரும், சில முறை வராது, தலைகீழாகவும் வரலாம். "இப்போது பாருங்கள், எல்லோரும் விழுந்துவிட்டீர்கள்" என்று முன்கூட்டியே வசனம் தயாரித்து வைத்தால் அவமானம் உங்களுக்கு. வராவிட்டால் ஏன் வரவில்லை என்பதைப் பேசுங்கள். இரண்டு பதிப்பு இருந்ததை அதே வகுப்பு முடிவதற்குள் சொல்லிவிடவும் வேண்டும்.

எண்களைக் காட்டும்போது சராசரி வேண்டாம். ஏழு பேர் 12, 12, 15, 18, 18, 20, 60 என்று எழுதினால் சராசரி 22-ஐத் தாண்டும்; அந்த ஏழு பேரில் ஆறு பேர் அதற்குக் கீழே. வரிசையின் நடுவில் நிற்கும் எண், அதாவது நடுவெண், 18. அந்த 60-ஐ எழுதியவர் ஒருவர் மொத்த வகுப்பையும் கடுமையானதாகக் காட்டிவிடுவார். நடுவெண்ணையும், நடுப்பாதிப் பேர் எந்த இரண்டு எண்களுக்கு இடையே நிற்கிறார்கள் என்பதையும் காட்டுங்கள். வெளியில் விட்டவர்களை 0 மாதம் என்று இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. சமூக சேவை என்பது பூஜ்யம் அல்ல, வேறு வகைத் தண்டனை. எத்தனை பேர் சிறை, எத்தனை பேர் வெளி என்று தனியாகச் சொல்லிவிட்டு, சிறை என்றவர்களுக்கு மட்டும் நடுவெண்.

கற்றார்களா என்பதற்கு: பிடித்ததா, பயனுள்ளதா என்று கேட்கும் கருத்துப் படிவம் எதையும் அளக்காது. ஒரு வாரம் கழித்து வேறு குற்றம், ஒரே பக்கம், 15 நிமிடம் கொடுங்கள். நான்கை எண்ணுங்கள்: பொருந்தும் காரணிகள் எத்தனை, பொருந்தாதவை எத்தனை, இரட்டைக் கணக்கு உண்டா, தேர்ந்தெடுத்த நோக்கத்துக்கும் தண்டனைக்கும் தொடர்பு எழுதப்பட்டிருக்கிறதா. எத்தனை மாதம் என்பது இந்தக் கணக்கில் வராது. திருத்துவது இருவர் என்றால், முதல் 10 தாளைத் தனித்தனியே திருத்தி ஒப்பிட்டுவிட்டு மீதியைப் பிரித்துக்கொள்ளுங்கள். நான்காவதில்தான் இருவருக்கும் ஒத்துவராது. அதற்கு மட்டும் இரண்டு மாதிரி விடைகளை முன்பே ஒப்புக்கொண்டு வைத்துக்கொள்வது நல்லது.

---

வரைவுத்தாள்

மூவருக்கும் நன்றி. ஸ்லைடர், மதிப்பெண் இரண்டும் போயாச்சு. இன்னும் மூன்று சந்தேகம்.

பாதிக்கப்பட்டவரின் அறிக்கையை நடிகரின் குரலில் ஒலியாகப் போடலாம் என்று ஒரு யோசனை. சரியா? மறுகுற்ற அபாயத்தைக் கணிக்கும் மென்பொருளின் மதிப்பீட்டையும் ஒரு தாளாகச் சேர்க்கலாமா? 90 நிமிடத்தில் இவ்வளவும் அடங்குமா?

---

தராசுமுள்

நீதிபதியின் தீர்ப்புரையைக் காட்டுவது பற்றி நடுவெண் சொன்னதை ஏற்கிறேன், காரணம் எழுதிய பிறகு என்ற நிபந்தனையோடு.

ஒலி வேண்டாம். ஒரு தாள் மட்டும் குரலோடு வந்தால் மற்ற நான்கு காகிதங்களையும் அது விழுங்கிவிடும். ஒலியில் தர வேண்டும் என்றால் குற்றவாளி தரப்பு வாதத்தையும் ஒலியில் தாருங்கள். இல்லையென்றால் எல்லாமே எழுத்தில். இன்னொரு விஷயம்: மூன்றாம் தாளையும் நான்காம் தாளையும் பாதிப் பேருக்கு இடம் மாற்றிக் கொடுங்கள். எல்லோரும் பாதிக்கப்பட்டவரை முதலில் படித்தால், நன்னடத்தை அலுவலர் சொல்வதைச் சாக்குப்போக்காகப் படிப்பார்கள். இதையும் நங்கூரச் சோதனையையும் ஒரே வகுப்பில் செய்யாதீர்கள். 40 பேர் நான்கு துண்டாகிவிடுவார்கள், எது எதை நகர்த்தியது என்று யாருக்கும் தெரியாது.

குற்றவாளிக்குப் பெயர் வைக்காதீர்கள். பெயர் வைத்தால் அதிலிருந்து ஊர், சாதி, மதம், வர்க்கம் என்று மாணவர் தானாக ஒரு கதை கட்டிவிடுவார். அதையே சோதிக்கத்தான் போகிறீர்கள் என்றால் அது தனி வகுப்பு. படமும் வேண்டாம்.

அபாய மதிப்பீட்டைச் சேர்க்கலாம், ஆனால் இறுதித் தண்டனைக்குப் பிறகு ஆறாம் தாளாக. 2016-இல் லூமிஸ் வழக்கில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றம் காம்பாஸ் என்ற மென்பொருளின் மதிப்பெண்ணைத் தண்டனையின்போது பார்க்க அனுமதித்தது. ஆனால் அதுவே தண்டனையைத் தீர்மானிக்கக் கூடாது, அதன் குறைகளைச் சொல்லும் எச்சரிக்கையும் கூடவே வர வேண்டும் என்றது. வகுப்பில் பாதிப் பேருக்கு எச்சரிக்கையோடும் பாதிப் பேருக்கு எச்சரிக்கை இல்லாமலும் "10-க்கு 8" என்று காட்டி, தண்டனையை மாற்ற விரும்புகிறீர்களா என்று மட்டும் கேளுங்கள். தனிநபர் மதிப்பெண்போலத் தோன்றினாலும் அது ஒரு கூட்டத்தைப் பற்றிய புள்ளிவிவரம் என்பதை இதில்தான் விளக்க முடியும்.

நேரத்தைப் பொறுத்தவரை, இவ்வளவும் ஒரே வகுப்பில் அடங்காது. அறிமுகம் 8 நிமிடம். தனியாக ஐந்து தாள், இரண்டு எண்கள், காரணம்: 30 நிமிடம். நால்வர் குழுவாக ஒரே தண்டனைக்கு வருவது: 15. மீதி 37-ஐ அப்படியே கலந்துரையாடலுக்கு விட்டுவிடுங்கள். சிமுலேஷன் கட்டுகிறவர்கள் கடைசி நிமிடத்தில் வெட்டுவது இந்த 37-ஐத்தான். அதற்கு பதிலாகப் படிக்கட்டுச் சுற்றையும் அபாயத் தாளையும் அடுத்த வகுப்புக்குத் தள்ளுங்கள். குழுவில் ஒருமித்த முடிவு வராவிட்டால் மாறுபட்ட கருத்தைத் தனியாக எழுதி வைக்கலாம் என்று சொல்லுங்கள். பல நீதிபதிகள் அமரும் அமர்வில் அப்படித்தானே நடக்கிறது.

---

கிளைப்பாதை

படிக்கட்டுச் சுற்றை நிரலாக்கும்போது வரிசையில் கவனம். தொடக்கப் புள்ளி 24 மாதம், கடுமைக்கு 6 கூட்டல், ஒப்புக்கொண்டதற்கு மூன்றில் ஒரு பங்கு கழிவு என்று வைத்துக்குவோம். சரியான வரிசையில் 24 கூட்டல் 6 = 30, மூன்றில் ஒரு பங்கு போக 20. கழிவை முதலில் போட்டால் 16 கூட்டல் 6 = 22. இரண்டு மாத வித்தியாசம், எந்தப் பிழைச் செய்தியும் வராது. இந்த ஒரு கணக்கைச் சோதனை வழக்காக வைத்து ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஓட்டிப் பாருங்க.

இரண்டு குற்றச்சாட்டில் 12, 8 மாதம் என்றால் ஏககாலத்தில் அனுபவித்தால் 12, அடுத்தடுத்து அனுபவித்தால் 20. இந்திய முறையில் வைக்கறதா இருந்தா, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 25-ஆவது பிரிவு எது என்பதை நீதிமன்றமே குற்றத்தின் கடுமையைப் பார்த்து உத்தரவிடணும் என்கிறது. அதனால் இரண்டு வட்டமும் காலியாக இருக்கட்டும், முன்தேர்வு வேண்டாம். தேர்ந்தெடுக்காமல் அடுத்த திரை திறக்கக்கூடாது.

விசாரணைக் கைதியாக இருந்த நாள்களைத் தண்டனையிலிருந்து நிரலே கழிக்க விடாதீங்க. தண்டனை மாதத்தில், காவல் நாளில். மாதத்தை 30 நாள்னு வைத்து மாற்றினால் ஆண்டுக்கு 5 நாள் காணாமல் போகும். "18 மாதம், ஏற்கெனவே காவலில் இருந்த 52 நாள் இதில் கழியும்" என்று இரண்டையும் தனித்தனிப் புலத்தில் வைத்து எழுத்தாகக் காட்டுங்க. அந்த வரியைப் பார்த்த பிறகு "அப்போ 20 மாதம் போடறேன்" என்று ஏத்தறவங்க இருப்பாங்க. அவங்களுக்குத் திரும்பிப் போக ஒரு பொத்தான் கொடுத்து, எத்தனை பேர் அழுத்தினாங்கன்னு மட்டும் எண்ணி வையுங்க. அந்த 37 நிமிடத்துக்கு உதவும்.